அலமாரி இடம் மாறிய வீடு

ஜப்பான்காரப் பெண் வருவதற்கு முந்தின நாள் இராஜம்மா அக்கா வீட்டையே புரட்டிப் போட்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முன்னால் ஒரு கூடம், அடுத்து ஒரு ரூம், பின்னால் சமையலுக்குக் குசினி. அந்தச் சின்ன இடத்துக்குள் வைக்க, செந்தூலில் இருக்கும் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டிலிருந்து ஒரு சோபா செட்டை இரவல் வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். சோபாவுக்கு இடம் வேண்டும். அதனால் கூடத்தில் இருந்த அலமாரி ரூமுக்குப் போனது. ரூமில் இருந்த கட்டில் வேறு சுவர் மாறியது. குசினி வாசலில் எந்நாளும் நிற்கும் தண்ணீர் டிரம் பின்கதவுக்குப் போனது. சாமி மேடை மட்டும்தான் இருந்த இடத்தில் இருந்தது.

"தம்பி, அந்தப் பக்கம் தூக்குலா. ஒடஞ்ச கண்ணாடிய செவுத்துப் பக்கம் திருப்பு. வெளிநாட்டுப் புள்ள, பாத்தா என்னா நெனைக்கும்?" என்றாள் என்னிடம்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கும் கண்ணு தெரியாதுன்னுதான சொன்னாங்க?"

அக்கா அலமாரியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"தெரியாட்டி? வூடு வூடா இருக்க வேணாமா? தூக்கு."

நான் தூக்கினேன். எனக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், கடல் தாண்டிப் பிழைக்க வந்தவன். அப்போது அந்த ரோட்டு முனையில் இருந்த மாவு மில்லில் வேலை. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தடுப்புக்குப் பின்னால் வாடகைக்குப் படுத்திருந்தேன். அக்கா இடியாப்பம் அவித்து விற்பவள். தினமும் அரிசியை என்னிடம்தான் அரைக்கக் கொண்டுவருவாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த வீட்டில் சோறு. எனக்கும் ஊரில் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி உண்டு. பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அக்காவுக்கும் அவள் புருஷன் அய்யாவு அண்ணனுக்கும் ஒரே பெண், ரமணி. பத்தொன்பது வயது. மூன்று வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பார்வையற்றோர் நிலையத்தில் பிரெயில், இங்கிலீஷ், டெலிபோன் ஆபரேட்டர் வேலை எல்லாம் படித்தாள். காலையில் அக்கா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவாள். சாயந்தரம் கையைப் பிடித்துக் கூட்டிவருவாள். நிலையத்தில் ஒரு வெள்ளைக் கம்பு கொடுத்திருந்தார்கள், தட்டிக்கொண்டு நடப்பதற்கு. "கம்பத் தட்டிக்கிட்டுப் போனா பிச்சைக்காரி மாதிரி இருக்கும்லா" என்று அக்கா அதை வாங்கிப் பின்பக்கம் வைத்துவிட்டாள். ஈரச் சேலையை உயரக் கொடியில் தள்ளிவிட அந்தக் கம்புதான் வசதி.

ஆனால் வீட்டுக்குள் ரமணிக்கு யாரும் வேண்டாம். செருப்பை உதறிவிட்டு ஓட்டமாகப் போவாள். குவளையை டிரம்மில் முக்கித் தண்ணீர் குடிப்பாள். அலமாரியில் இரண்டாம் தட்டில் கை வைத்து உடுப்பு எடுப்பாள். புதிதாக வருகிறவர்கள் அவளுக்குக் கண் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்த ஜப்பான் பேச்சைக் கொண்டுவந்தது நிலையத்து நேசம்மா டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒரு நாள் சாயந்தரம் குடையும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

"இராஜம்மா, இஞ்ச பாருங்கோ. ஒரு வருசம். அங்கத்தைப் பிள்ளையளோட விடுதியிலை இருந்து படிக்கலாம். எல்லாம் அவையள் பாப்பினம். ரமணியைத்தான் எடுத்திருக்கினம்."

அய்யாவு அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வண்டிப் பெட்டி ரிப்பேர் வேலை அவருக்கு. திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"டீச்சர், இவ நம்ம லோங்காங்க தாண்டமாட்டா. நீங்க கடலத் தாண்டச் சொல்றீங்க."

லோங்காங் என்றால் வீட்டுக்கு முன்னால் ஓடும் திறந்த சாக்கடை.

"தாண்ட விட்டனீங்களோ?" என்றார் டீச்சர்.

அண்ணன் அடுத்த காலில் தண்ணீர் ஊற்றினார். டீச்சர் விடவில்லை. முதலில் அங்கிருந்து ஒரு பெண் வந்து பத்து நாள் இவர்கள் வீட்டில் தங்குவாள். பிறகு ரமணி அங்கே போகவேண்டும். அதுதான் ஏற்பாடு. அந்தப் பெண் திரும்பிப் போகும் நாளில் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். இல்லை என்றால் பினாங்கில் ஒரு பிள்ளை காத்திருக்கிறது.

"வர்றவங்க வரட்டும் டீச்சர்" என்றார் அண்ணன். "நல்லா சோறு போடறோம். அனுப்புற பேச்ச மட்டும் எடுக்காதீங்க."

மறுநாள் அக்காவோடு மில்லுக்கு வந்த ரமணி, மிஷின் சத்தம் நின்ற நேரமாகப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, பனி பேஞ்சா சத்தம் கேக்குமாண்ணே?"

"நான் பாத்ததில்லம்மா."

"பாக்கறது இல்லண்ணே. கேக்கறது."

அவளுக்குப் போக எவ்வளவு ஆசை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரமணி ஓடித் திரிந்த அந்த வீட்டைத்தான் அக்கா விருந்தாளிக்காக மாற்றி வைத்தாள். ரமணிக்குச் சொல்ல மறந்துவிட்டாள். சாயந்தரம் ரமணி எப்போதும்போலச் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். சோபாவின் கட்டை முழங்காலுக்குக் கீழே நச்சென்று பட்டது.

"அய்யோ! என்னாம்மா இது?"

"சோபாலா. இந்தப் பக்கமா வா. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!"

குவளையை நீட்டினாள், டிரம் இல்லை. குவளை தரையில் விழுந்து உருண்டது. அலமாரிக்காகக் கை நீட்டினாள், சுவர்தான் இருந்தது. கடைசியில் ரூமுக்குள் திரும்பும்போது அலமாரிக் கதவின் முனை நெற்றியில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. அக்கா மஞ்சளை எடுத்துக்கொண்டு ஓடினாள். அய்யாவு அண்ணன் கத்தினார்.

"பாத்தியா? சொந்த வீட்டுக்குள்ளேயே இந்த லட்சணம். இவளத்தான் ஜப்பானுக்கு அனுப்பச் சொல்றாங்க!"

ரமணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "என் வீட்டுக்கு நானே விருந்தாளி ஆயிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நேசம்மா டீச்சரோடு அந்தப் பெண் வந்தாள். பெயர் நோரிகோ. ரமணியைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். ஒல்லி, வெட்டிய முடி, முதுகில் பை, கையில் மடக்குக் கம்பு. வாசலில் நின்று குனிந்து வணக்கம் சொன்னாள். அக்கா பதற்றத்தில் தானும் குனிந்தாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குனிந்ததில் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நோரிகோ இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். ரமணி சொன்னாள், "வீட்டத் தொட்டுப் பாக்கலாமான்னு கேக்குறாம்மா."

"தொடட்டும், தொடட்டும்."

அந்தப் பெண் புறங்கையைச் சுவரில் வைத்தாள். மெதுவாக நடந்தாள். சோபாவைத் தொட்டாள், ஓரத்தை அளந்தாள், சுற்றிக்கொண்டு போனாள். அலமாரி, கட்டில், டிரம், அடுப்பு, எல்லாவற்றிலும் ஒரு தடவல். சாமி மேடைக்கு முன்னால் ஊதுபத்தி வாசனை பிடித்துக் கையை எடுத்துக்கொண்டு கும்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சோபாவில் அவளே உட்கார்ந்தாள். எதிலும் இடிக்கவில்லை.

ரமணியின் முகத்தைத் தொட்டுப் பார்த்தபோது நெற்றியில் இருந்த மஞ்சள் பற்று கையில் பட, என்ன என்று கேட்டாள். ரமணி கதையைச் சொன்னாள். நோரிகோ சிரித்தாள். பிறகு எழுந்து கையை நீட்டி ரமணியைக் கூப்பிட்டாள்.

"என்னா சொல்லுது?" என்றாள் அக்கா.

"அவளுக்கும் இது புது வீடாம். எனக்கும் இப்ப இது புது வீடாம். வா, சேர்ந்து சுத்திப் பாப்போம்ங்கிறா."

ரமணி தயங்கித் தயங்கி எழுந்தாள். இருவரும் சுவரைத் தொட்டுக்கொண்டு போனார்கள். அக்கா குசினி வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பருப்பு அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் திரும்பினாள்.

அடுத்த நாள் மில்லில் அரிசியைக் கொட்டிவிட்டு அக்கா போகாமல் நின்றாள்.

"தம்பி, அது வந்த அன்னிக்கே சக்கர டப்பாவ எடுத்துக் குடுக்குதுலா. என் புள்ள அந்த வீட்டுல பொறந்து வளந்தவ. மண்ட ஒடச்சிக்கிட்டா."

நான் மாவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் அவளுக்கு வீட்டத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன் தம்பி. நடக்கச் சொல்லிக் குடுக்கவே இல்ல."

விருந்தாளிக்கு முடியாது என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நோரிகோ அதைத் தெரிந்துகொண்டாளோ என்னவோ, தினம் ஒன்று கேட்டாள். விடிகிற நேரத்தில் அடுப்படிக்கு வந்து நின்றாள். தானும் இடியாப்பம் பிழியவேண்டுமாம்.

"வேணாம்னு சொல்லுடி. ஆவி அடிக்கும்."

"நீயே சொல்லும்மா. விருந்தாளி."

அக்கா சொல்லவில்லை. வறுத்த மாவில் கொதிதண்ணீர் ஊற்றிக் கிண்டி, வாசனைக்குப் பாண்டான் இலை ஒன்றை முடிந்து போட்டு, இடியாப்பம் பிழியும் உழக்கில் அடைத்துக் கையில் கொடுத்தாள். நோரிகோ பிரம்புத் தட்டின் விளிம்பை இடது கைவிரலால் தொட்டுக்கொண்டே வலது கையால் பிழிந்து சுற்றினாள். முதல் தட்டு கோணல். இரண்டாவது சுமார். மூன்றாவது இடியாப்பமே. பிறகு உழக்கை ரமணி பக்கம் நீட்டினாள்.

ரமணி, "நான் தொட்டதே இல்ல" என்றாள்.

நோரிகோவுக்குப் புரியவில்லை. அம்மா தினம் இதைத்தான் செய்கிறாள், மகள் தொட்டதே இல்லையா? திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்காவுக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் முகம் சிவந்துவிட்டது.

"குடு அவகிட்ட. சுட்டா சுடட்டும்."

ஆவி அடித்தது, கையும் சுட்டது. ரமணி ஸ் ஸ் என்று ஊதிக்கொண்டே பிழிந்தாள். இடியாப்பம் எடுத்துப்போக மோட்டார் சைக்கிளில் வரும் நாகையா ஹார்ன் அடித்தபோது கூடையில் மேல் தட்டு ரமணி பிழிந்தது.

"என்னா அக்கா, இன்னிக்கு மேல் தட்டு லேஸ் வெச்ச மாதிரி இருக்கு?" என்றான் நாகையா.

"புது ஆளு. பேசாமக் கொண்டுபோ" என்றாள் அக்கா. அவன் போன பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அய்யாவு அண்ணன் இளகவில்லை. "அந்தப் பொண்ணு ஊரு வேற. ரோடெல்லாம் நேரா இருக்கும். மனுசங்க ஒதுங்கி நிப்பாங்க. இங்க அப்பிடியா?" என்பார். "இவ அங்கதான போறா?" என்று அக்கா கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நோரிகோ கிளம்புவதற்கு இரண்டு நாள் இருந்தது. இப்போது அவளுக்குக் கடல் வேண்டும் என்றாள். போர்ட் கிள்ளான் போகவேண்டும், ரமணி கூட்டிக்கொண்டு போகவேண்டும், வேறு யாரும் வேண்டாம்.

அண்ணன் லீவு போடுகிறேன் என்றார். நோரிகோ குனிந்து நன்றி சொல்லி, வேண்டாம் என்றாள். அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தாள். ரமணி எழுந்து பின்பக்கம் போனாள். கொடிக்குப் பக்கத்தில் கையால் துழாவி அந்த வெள்ளைக் கம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் காய்ந்த கறை.

"நான் போய்ட்டு வரேம்பா."

அவர்கள் தெரு திரும்பினார்களோ இல்லையோ, அக்கா மில்லுக்கு ஓடிவந்தாள். மாவுக் கையோடு என்னை இழுத்தாள்.

"வா தம்பி. பின்னாலேயே போவோம். அவளுங்களுக்குத் தெரியக் கூடாது."

பிங்க் கலர் மினி பஸ். அவர்கள் முன்னால், நாங்கள் கடைசி சீட்டில். டவுனில் இறங்கி, ஆள் கேட்டுக் கேட்டு, கிள்ளான் பஸ் நிற்கும் இடத்துக்கு இருவரும் கம்பைத் தட்டிக்கொண்டு போனார்கள். ரமணி முதலில் பாதையின் ஓரத்தை விட்டு விலகி விலகி வந்தாள். ஒரு லோரி ஹார்ன் அடித்தபோது அப்படியே உறைந்து நின்றாள். அக்கா பாய்ந்துவிடுவாள் போலிருந்தது. நான் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன். ரமணி மூச்சு இழுத்துவிட்டு, கம்பை முன்னால் நீட்டி, மறுபடி நடந்தாள்.

கிள்ளான் பஸ்ஸில் டிரைவர் ஒவ்வொரு பிரேக் போடும்போதும் அக்கா "முருகா!" என்றாள். வளைவு வந்தால் "முருகா!" பள்ளம் விழுந்தால் "முருகா!" பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பாட்டி பயந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாக்கா. அவங்களுக்குக் கேக்கப் போவுது."

"கேக்காதுலா. இஞ்சின் சத்தத்துல எங்க கேக்கும்? முருகா!"

கிள்ளான் வந்து சேரும்போது வானம் உடைந்து கொட்டியது. பஸ் ஸ்டாண்டில் ஒதுங்க இடமில்லை. ஜனமெல்லாம் ஒரே கூரைக்குள் நெருக்கியடித்து நின்றது. கச்சான் கடலை விற்கிறவன் தட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினான். கண்டக்டர்கள் ஆளுக்கொரு ஊர்ப் பெயரைக் கத்தினார்கள். நாங்கள் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். ஒரு கூட்டம் குறுக்கே போனது. கூட்டம் விலகியபோது பிள்ளைகளைக் காணோம்.

"தம்பி! எங்கடா?"

ஒரு பஸ்ஸில் சிவப்புச் சட்டை ஒன்று ஏறுவது தெரிந்தது. நோரிகோ சிவப்புச் சட்டைதான் போட்டிருந்தாள். "அந்தா!" என்றேன். இரண்டு பேரும் மழையில் ஓடி அதில் ஏறினோம். பஸ்ஸின் போர்டு என்ன சொல்லிற்றோ, எனக்கு அந்த எழுத்து தெரியாது. அக்காவுக்கு எந்த எழுத்துமே தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தால், சிவப்புச் சட்டை போட்டிருந்தது ஒரு சீனப் பையன். பஸ் இஞ்சினைக் கிளப்பியது.

"முருகா! என் புள்ளைங்களக் காணோமே!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

டக், டக், டக். வெளியே யாரோ பஸ் தகரத்தில் தட்டினார்கள். கதவுக்குக் கீழே, மழையில், ரமணி நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. பின்னால் நோரிகோ.

"அம்மா, எறங்கு. இது பந்திங் போற பஸ்ஸு. போர்ட் பஸ் அந்தப் பக்கம் நிக்குது."

அக்கா வாயைப் பிளந்தாள். "ஏய், நான் வந்தது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து முருகனக் கூப்ட்டுக்கிட்டே வரியே. பஸ்ஸு பூரா தெரியும். எறங்கும்மா."

"அப்ப ஏன்டி பேசாம வந்த?"

"நீதான ஒளிஞ்சிக்கிட்ட. பாவம், ஒளியட்டும்னு விட்டேன்."

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். எங்களை இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸை எடுத்தான். கணுக்கால் அளவு தண்ணீர். எது ரோடு, எது லோங்காங் என்று கண் உள்ள எனக்கே தெரியவில்லை. அக்கா வழக்கம்போல ரமணியின் கையைப் பிடிக்கப் போனாள்.

"கையப் புடிக்காத. எனக்குக் கம்பு புடிக்கணும். முழங்கையப் புடிச்சிக்கோ. ஒரு அடி பின்னாலயே வா."

அக்கா மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரமணி தண்ணீருக்குள் கம்பை விட்டுத் தரையைத் தொட்டாள். ஓரிடத்தில் கம்பு உள்ளே இறங்கியது. "லோங்காங். பெரிய எட்டா வை" என்றாள். அவள் தாண்டினாள். அக்கா தாண்டினாள். நோரிகோ தாண்டினாள். கடைசியில் நானும் தாண்டினேன்.

மறுபக்கம் போய் நின்றதும் அக்கா திரும்பி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். "இவரு பாக்கலியே" என்றாள். "இத இவரு பாக்கலியே!"

போர்ட்டில் மழை விட்டிருந்தது. படகுத்துறையில் டீசலும் மீனும் கலந்த வாசனை. தூரத்தில் கப்பல் ஒன்று ஊதியது. இரண்டு பெண்களும் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் ஒரு கடையில் சுடச்சுடச் சோறும் பொரித்த மீனும் வாங்கிச் சாப்பிட்டோம். ஈரச் சேலையோடு உட்கார்ந்து அக்கா முள் பார்த்து எடுத்து ரமணியின் தட்டில் வைக்கப் போனாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டு தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஜப்பான்ல இடியாப்பம் கெடைக்குமான்னு அதுகிட்டக் கேளு."

ரமணி கேட்கவில்லை. சோற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"கேளுடி."

கேட்டாள். நோரிகோ சொன்ன பதிலைச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "கெடைக்காதாம்மா. நான்தான் போயி அவிக்கணுமாம்."

"அப்ப உழக்கு ஒண்ணு வாங்கணும்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்தபோது அய்யாவு அண்ணன் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான்கு பேரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு அக்காவை முறைத்தார்.

"அப்ப நீதான் கூட்டிட்டுப் போனியா?"

"நானா? நானும் இந்தத் தம்பியும் பந்திங் பஸ்ல ஏறிட்டம்லா. அவதான் எறக்கிக் கூட்டிட்டு வந்தா. கேளு தம்பிய."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் முருகனைக் கூப்பிட்டது வந்தபோது அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். லோங்காங் வந்தபோது "தாண்டினாளா?" என்றார்.

"தாண்ட வெச்சா. என்னையும்" என்றாள் அக்கா.

அண்ணன் உள்ளே போய்விட்டார். மறுநாள் சாயந்தரம் செந்தூலிலிருந்து வரும்போது மோட்டார் சைக்கிளில் நீளமாக ஒரு மூங்கில் கட்டியிருந்தது. பின்பக்கம் போய்க் கணுவைச் சீவி, முனையில் கவை வைத்துக் கொடிக்கு அருகில் சாத்தினார்.

"இனிமே துணிக்கு இத எடு" என்றார் அக்காவிடம். "அது அவ கம்பு."

நேசம்மா டீச்சர் சம்மதமா என்று கேட்க வந்தபோது அவருக்கு அந்த மூங்கிலைத்தான் காட்டினாள் அக்கா.

ரமணி ஜப்பானில் இருந்த அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று எழுதினால் நீளும். அக்கா மில்லில் வந்து, "அங்க இப்ப மணி என்னா இருக்கும் தம்பி?" என்று கேட்பாள். நான் சொல்வேன். மறுநாளும் கேட்பாள்.

ரமணி திரும்பி வருகிற நாள் காலையில் மில்லுக்கு வந்த அக்கா அரிசி கொண்டுவரவில்லை.

"வா தம்பி, வேல இருக்கு."

போனேன். அய்யாவு அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நின்றார்.

"என்னாண்ணே, மறுபடியுமா?"

"ஒங்கக்காதான். எல்லாத்தையும் மாத்தி வெக்கணுமாம்."

அலமாரி கூடத்துக்கு வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு இல்லை. கட்டில் ஜன்னலுக்குப் போனது. டிரம் நடுவாசலுக்கு வந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலில் ஜனம் சேர்ந்துவிட்டது. நாகையாகூட மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருந்தான்.

டாக்ஸி வந்தது. ரமணி தானே கதவைத் திறந்து இறங்கினாள். முடியை வெட்டியிருந்தாள், முதுகில் பை. லோங்காங்கைக் கம்பால் ஒரு தடவை தொட்டுவிட்டுத் தாண்டினாள். அண்ணன் முன்னால் போகப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

ரமணி வாசலில் செருப்பை விட்டாள். ஓடவில்லை. நின்றாள். புறங்கையைச் சுவரில் வைத்தாள். இரண்டு எட்டு உள்ளே வந்தாள். கம்பின் நுனி டிரம்மில் டங்கென்று பட்டது. அவள் சிரித்துவிட்டாள்.

"அம்மா! யாரு வர்றான்னு இந்தத் தடவ மாத்துன?"

"நீ வரேன்னுதான்டி" என்றாள் அக்கா. கன்னமெல்லாம் தண்ணீர்.

ரமணி டிரம்மைச் சுற்றினாள். அலமாரியைத் தொட்டு, அதன் ஓரமாகவே நடந்து, குசினிக்குள் போனாள். குவளை கிடைத்தது. திரும்பி வந்து டிரம்மில் முக்கித் தண்ணீர் குடித்தாள். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். எப்படிக் கண்டுபிடித்தாளோ. மாவு வாசனையாக இருக்கும்.

"அண்ணே, பனிக்குச் சத்தம் இல்லண்ணே. அது பேயும்போது மத்த சத்தமெல்லாம் அடங்கிப் போவுது."

அப்போது பார்த்து நாகையா ஹார்னை அமுக்கினான். தெருவே கைதட்டியது.